பத்து மில்லிமீட்டரை யார் கழிப்பது

கதிர்,

சென்ற சனிக்கிழமை தேக்கா சந்தையில், நாம் வழக்கமாகச் சாப்பிடும் கடையில், நீ என்னிடம் ஒன்று சொன்னாய். நான் பதில் சொல்லாமல் இரண்டாவது தேநீர் கேட்டேன். பதில் இல்லாதபோது அப்பா இன்னொரு டீ கேட்பார் என்று உனக்குத் தெரியும். நீ சிரித்துவிட்டுக் கைப்பேசியைப் பார்த்தாய். இந்தக் கடிதம்தான் அந்தப் பதில். அடுத்த ஞாயிறு நீ பெர்த்துக்குப் புறப்படுகிறாய். விமான நிலையத்தில் உன் மாமனார் வீட்டார் எல்லோரும் இருப்பார்கள், அங்கே இதைப் பேச முடியாது. தொலைபேசியில் பேசினால் நீ பாதியிலேயே சமாதானம் சொல்லத் தொடங்குவாய், நானும் ஏற்றுக்கொண்டுவிடுவேன். முப்பத்திரண்டு வருடம் செய்தி எழுதியவன் நான். எழுதிப் பார்த்தால்தான் என்ன நினைக்கிறேன் என்பது எனக்கே தெரியவரும். இந்த முறை எழுதியும் முழுதாகத் தெரியவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டு வேலைக்குப் போகும் மகனுக்கு அப்பா எழுதும் கடிதத்தில் அறிவுரை இருக்க வேண்டும் என்பார்கள். இதிலும் ஒன்றிரண்டு இருக்கும். குழம்பிப்போய் நிற்கும் ஒருவன் சொன்னது என்று எடுத்துக்கொள்.

இதை உன்னைத் தவிர மற்றவர்களும் படிக்கக்கூடும் என்பதால், உனக்குத் தெரிந்த சிலவற்றையும் திரும்பச் சொல்கிறேன். பத்திரிகையில் ஆட்களைக் குறைத்தபோது எனக்கு ஐம்பத்தொன்பது வயது. சும்மா இருந்த நான்கு மாதத்தில் உன் அம்மாவின் சமையலில் இரண்டு முறை குறை கண்டுபிடித்தேன். மூன்றாவது முறை அவள் உனக்குப் போன் செய்தாள். நீதான் சி.என்.சி. இயந்திரப் பயிற்சி வகுப்பு ஒன்றைக் கண்டுபிடித்து எனக்கு அனுப்பினாய். கணினி சொல்கிறபடி இரும்பை வெட்டும் இயந்திரம், உங்களைப் போல எண்ணுக்கு எண் சரிபார்க்கிற ஆளுக்குப் பொருந்தும் என்றாய். "வீட்டுல ஒரு ஆணி அடிக்கத் தெரியாது, இரும்பு வெட்டப் போறாராம்" என்றாள் உன் அம்மா. ஆனாலும் முதல் நாள் வகுப்புக்குச் சட்டையைத் தேய்த்துக் கொடுத்தாள். வகுப்பில் நான்தான் மூத்தவன். பயிற்றுநருக்கு என் வயதில் பாதிதான் இருக்கும். அவர் கேள்வி கேட்டால் பதில் சொல்வதற்குப் பதிலாக நான் அவரிடம் எதிர்க்கேள்வி கேட்டுவிடுவேன். பழக்கதோஷம்.

அங்கே நான் குழம்பிய விதத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும், பின்னால் நடந்தது அப்போதுதான் புரியும். காலையில் பழைய இயந்திரம் ஒன்றை இயக்கினால், தான் எங்கே நிற்கிறோம் என்பது அதற்குத் தெரியாது. மேலும் கீழும், இடமும் வலமும், முன்னும் பின்னும் என்று அது நகரும் மூன்று திசைகளிலும் அதை ஒரு மூலைக்குக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். அந்த இடத்துக்கு ஹோம் என்று பெயர். அங்கிருந்துதான் அது எண்ணத் தொடங்கும். எப்போதும் முதலில் மேலே தூக்க வேண்டும், பிறகுதான் பக்கவாட்டில் நகர்த்த வேண்டும். இல்லையென்றால் வெட்டும் கருவி கீழே இருக்கிற எதிலாவது போய் இடிக்கும். இது எனக்கு இரண்டாவது நாளே புரிந்தது. புரியாதது அடுத்தது. இயந்திரத்துக்கு ஒரு பூஜ்யம் இருக்கிறது. வெட்டப்போகும் இரும்புத் துண்டின் மேல்பரப்புக்கு இன்னொரு பூஜ்யம். ஒவ்வொரு கருவியும் ஒவ்வொரு நீளம் என்பதால், எந்தக் கருவி எவ்வளவு தூரம் இறங்கினால் அந்தப் பரப்பைத் தொடும் என்று தனித்தனியே அளந்து இயந்திரத்துக்குச் சொல்ல வேண்டும். அதுதான் டூல் ஆஃப்செட். மேலே பூஜ்யம் என்பதால் கீழே இறங்கும் தூரமெல்லாம் மைனஸ். எண் பெருகப் பெருகக் கருவி ஆழமாகப் போகிறது. பெரிய எண் என்றால் உயரம் என்று அறுபது வருடமாக நினைத்துக்கொண்டிருக்கும் தலை இதை ஏற்க மறுத்தது. உன் அம்மா காய் நறுக்கும் பலகையின்மேல் பேனாவைப் பிடித்துக்கொண்டு ஒரு வாரம் மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தேன். அவள் கேரட்டை மட்டும் தள்ளி வைத்துக்கொண்டாள்.

அளப்பது எப்படி என்றால், கருவியை அப்படியே இரும்பின்மேல் இறக்கினால் முனை உடையும். அதனால் சரியாகப் பத்து மில்லிமீட்டர் கனமுள்ள எஃகுக் கட்டை ஒன்றை இடையில் வைக்கிறோம். கருவியைத் துளித் துளியாக இறக்கி, கட்டை அதன் அடியில் லேசான உரசலோடு நழுவும் இடத்தில் நிறுத்துகிறோம். திரையில் ஓர் எண் தெரியும். மைனஸ் 287.360 என்று வைத்துக்கொள். ஆனால் இரும்பு இன்னும் பத்து மில்லிமீட்டர் கீழே இருக்கிறது. எனவே அந்தப் பத்தையும் கழித்து மைனஸ் 297.360 என்று இயந்திரத்துக்குள் ஏற்ற வேண்டும். கழிக்க மறந்தால் கருவி காற்றை வெட்டும், சேதம் ஒன்றுமில்லை. இரண்டு முறை கழித்தால் என்ன ஆகும் என்று வகுப்பில் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அளந்தவரே கழித்து, கழித்த எண்ணை எழுத வேண்டும் என்று பயிற்றுநர் சொல்லிக்கொடுத்தார். எனக்கு அது சரியாகப் பட்டது. நிருபர் சரிபார்த்த பிறகுதானே செய்தியைக் கொடுப்பார்.

பிறகு காக்கி புக்கிட்டில் ஒரு பட்டறையில் மூன்று மாதப் பரீட்சார்த்த வேலை கிடைத்தது. ஏழு பேர் வேலை செய்யும் இடம். அங்கே எனக்கு வேலை காட்டித் தந்தவர் முருகேசன். அது அவர் சொந்தப் பெயரல்ல. இதை எழுதலாமா என்று கேட்டபோது, பெயரை மட்டும் மாற்றச் சொன்னார். மன்னார்குடிப் பக்கத்துக்காரர், வயது முப்பத்தாறு, இங்கே வந்து பதினோரு வருடம். முதல் வாரம் என்னை சார் என்று கூப்பிட்டார், இரண்டாவது வாரத்திலிருந்து அண்ணே. இயந்திரத்துக்குள் எண் ஏற்ற எனக்கு அனுமதி கிடையாது, அளக்கலாம். நான் அளப்பேன், அவர் பக்கத்தில் நின்று திரையைப் பார்த்துத் தானே எண்ணை ஏற்றுவார். அப்படியே ஐந்து வாரம் போனது. ஒரு நாள் கட்டையை எடுக்காமலே கருவியைக் கீழே இறக்கப் பார்த்தேன். அவர் பாய்ந்து வந்து சிவப்புப் பொத்தானை அமுக்கிவிட்டு, "பேப்பர்ல தப்பு வந்தா மறுநாள் வருத்தம் தெரிவிச்சிடலாம்ணே, இதுகிட்ட அதெல்லாம் நடக்காது" என்றார். அவருக்கு என்மேல் கோபமே வந்ததில்லை. என் சந்தேகம்தான் அவருக்குப் பொழுதுபோக்கு.

அந்தச் செவ்வாய்க்கிழமை நடந்ததை, எனக்கு உறுதியாகத் தெரிந்தவரை வரிசையாகச் சொல்கிறேன். முருகேசனுக்கு அந்த வாரம் நாலு மணி ஷிஃப்ட். மூன்றரை மணிக்கு நாலாம் எண் கருவி மழுங்கிவிட்டது. காலை ஷிஃப்ட் ஆள் அடுத்த இயந்திரத்தில் மாட்டிக்கொண்டிருந்ததால், புதியதைப் பொருத்தி அளந்து வைக்கும்படி என்னிடம் சொன்னார். முதன்முறையாகத் தனியாக அளந்தேன். கட்டையை மூன்று முறை நழுவ விட்டுப் பார்த்தேன். திரையில் மைனஸ் 287.360. பத்தைக் கழித்தேன். இயந்திரத்தின் பக்கத்தில் கிளிப் போட்டுத் தொங்கும் தாளில், நாலாம் எண்ணுக்கு எதிரே மைனஸ் 297.360 என்று எழுதினேன். முருகேசன் வந்தார். பட்டறையின் மறு கோடியில் நான் முடிந்த துண்டுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். "நாலாம் நம்பர் முடிஞ்சுதாண்ணே?" என்று சத்தமாகக் கேட்டார். "எழுதி வச்சிருக்கேன்" என்றேன். அவர் கட்டை விரலைக் காட்டினார், நானும் காட்டினேன். நாலே முக்காலுக்குக் கை கழுவும் இடத்தில் இருந்தபோது அந்தச் சத்தம் கேட்டது. எப்படிப்பட்ட சத்தம் என்று எழுதிப் பார்த்தேன், வரவில்லை. ஓடிப் போனபோது கருவி இரண்டு துண்டு. அதைப் பிடித்திருந்த பாகம் இரும்புத் துண்டுக்குள் இறங்கியிருந்தது. முருகேசனின் கை சிவப்புப் பொத்தான்மேல் இருந்தது. அதை எடுக்கவேயில்லை.

முதலாளி மாடியிலிருந்து இறங்கி வந்தார். திரையில் நாலாம் எண்ணுக்கு மைனஸ் 307.360 என்று இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. நான் ஒரு முறை கழித்தேன், அவர் ஒரு முறை கழித்தார். இரும்பைத் தொடாமல் மேலே நிற்க வேண்டிய கருவி முழு வேகத்தில் இரும்புக்குள் போயிருந்தது. எல்லோரும் இயந்திரத்தைச் சுற்றி நின்றார்கள். நான் கிளிப்பிலிருந்து அந்தத் தாளை உருவி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். ஏன் வைத்தேன் என்பதற்கு உன்னிடம் சனிக்கிழமை ஒரு காரணம் சொன்னேன்: ஆவணம் தொலைந்துவிடக்கூடாது, எண்ணெயில் நனைந்துவிடக்கூடாது, எங்கே போனாலும் தாளைப் பத்திரப்படுத்துவது என் தொழில் பழக்கம். அது பொய்யில்லை. முழு உண்மையா என்றும் தெரியவில்லை. பை கனத்தது என்று எழுதினால் மிகையாகிவிடும், ஒரு தாள் கனக்காது. ஆனால் பேருந்தில் இரண்டு முறை தொட்டுப் பார்த்தேன்.

மறுநாள் பட்டறையில் பேச்சு இதுதான்: எண்ணை ஏற்றியவர் முருகேசன், அதனால் தவறு முருகேசனுடையது. இங்கே வேலை செய்வதற்கான அவருடைய பெர்மிட் அடுத்த மாதம் முடிகிறது, முதலாளி புதுப்பிக்கப் போவதில்லை. என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பழகவந்த கிழவர் அளந்தது எப்படி இருந்தாலும் அனுபவசாலி சரிபார்த்திருக்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. புதிய கருவி என்றால் முதல் தடவை மெதுவாக இறக்கிப் பார்ப்பது வழக்கம், அவர் அன்றைக்கு அப்படிச் செய்யவில்லை. அதுவும் உண்மைதான். புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் எனக்கு ஒரே கேள்வி. பத்தைக் கழித்து எழுதியது தவறா, கழித்த எண்ணில் மறுபடி கழித்தது தவறா? வகுப்பில் சொன்னபடி நான் செய்தது சரி. முருகேசன் ஏன் கழித்தார்? அந்தப் பட்டறையில் வேறு வழக்கம் இருந்ததா? இருந்தால் எனக்குச் சொன்னார்களா? எனக்கு நினைவில்லை. இதை அப்படியே உன்னிடம் சொன்னபோதுதான் நீ சொன்னாய்: "உங்க மிஸ்டேக்குனு உங்களுக்கே ஷுவரா தெரியாதுப்பா. தெரியாத விஷயத்தைப் போய் ஏன் சொல்லணும்? மூணு மாசம் முடியட்டும் லா."

நீ என்மேல் உள்ள அக்கறையில் சொன்னாய். தெரியாததை எழுதாதே என்று நானே எத்தனையோ இளம் நிருபர்களுக்குச் சொல்லியிருக்கிறேன், அதே வார்த்தையை நீ எனக்குத் திருப்பித் தந்தாய். ஆனால் டீ குடித்துக்கொண்டிருந்தபோது எனக்கு ஞாபகம் வந்தது வேறு. உனக்கு ஒன்பது வயது. புக்கிட் மேராவில் நம் வீட்டு நடைவழியில் நீயும் உன் கூட்டாளி ஹஃபிசும் பந்து உதைத்து, பக்கத்து வீட்டு மலாய் அம்மாவின் எலுமிச்சைத் தொட்டியை உடைத்தீர்கள். யார் உதைத்த பந்து என்று தெரியவில்லை என்று நீ அழுதாய். தெரியவில்லை என்றே போய்ச் சொல்லிவிட்டு வா என்று அனுப்பினேன். நீ போனாய். அந்த அம்மா உனக்குப் பலகாரம் கொடுத்து அனுப்பினார். அந்தக் கதையைப் பல வருடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன், ஒரு கட்டுரையில்கூட எழுதினேன். இப்போது ஒப்புக்கொள்கிறேன்: அன்றைக்கு எனக்கு ஐந்து மணிக்குள் ஒரு செய்தியை முடித்தாக வேண்டும். நீ அழுதது இடைஞ்சலாக இருந்தது, அதனால்தான் உன்னை அனுப்பினேன். நேர்மையைக் கற்றுக்கொடுக்கும் எண்ணம் பின்னால் எழுதும்போது சேர்ந்துகொண்டது.

இன்னொன்றும் ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டு பேர் ஒரே விஷயத்தைத் திருத்திக் கெடுப்பது எனக்குப் புதிதல்ல. நீ பிறப்பதற்கு முன்னால், ஒரு சங்கத்தின் விருந்து பற்றி அறிவிப்பு எழுதினேன். அந்தச் சங்கத்தார் எப்போதும் ஒரு மணி நேரம் முன்னதாகவே நேரம் சொல்வார்கள், அப்போதுதான் நம் ஆட்கள் சரியாக வந்து சேர்வார்கள் என்று. எனக்கு அது தெரியும், அதனால் ஒரு மணி நேரம் தள்ளி எழுதினேன். துணையாசிரியருக்கும் தெரியும். அவரும் ஒரு மணி நேரம் தள்ளினார். பத்திரிகையை நம்பியவர்கள் போனபோது பந்தியில் பாயசம் மட்டும் இருந்தது. மறுநாள் அச்சுப்பிழை என்று வருத்தம் தெரிவித்தோம். அச்சகத்தார் எந்தப் பிழையும் செய்யவில்லை. எங்களில் யாரும் போய் அவர்களிடம் சொல்லவுமில்லை. துணையாசிரியரும் நானும் அதை இருபது வருடம் நகைச்சுவையாகப் பேசினோம். அச்சகத்தில் இருந்தவர்கள் சிரித்தார்களா என்று இப்போதுதான் யோசிக்கிறேன்.

சனிக்கிழமை உன்னைவிட்டு வீட்டுக்கு வந்ததும் என் குறிப்பேடுகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பட்டறையில் யார் என்ன சொன்னாலும் எழுதிக்கொள்ளும் பழக்கம் விடவில்லை, ஐந்து வாரத்தில் இரண்டு குறிப்பேடு முடிந்திருந்தது. இரண்டாவது வாரம், வியாழக்கிழமை. என் கையெழுத்து. முருகேசன் சொன்னதை அவர் பேச்சிலேயே எழுதியிருந்தேன்: "இங்க அளக்கிறவர் திரையில என்ன இருக்கோ அதை அப்படியே எழுதணும். பத்தை நான் கழிச்சுக்கிறேன். ஏத்துறவன்தான் கழிக்கணும், ரெண்டு பேரும் கை வைக்கக்கூடாது." அடியில் கோடு வேறு போட்டிருந்தேன். அதைப் படித்தபோது வேறொருவர் குறிப்பேட்டைப் படிப்பதுபோல இருந்தது. அவர் சொன்ன நாள், நேரம், பக்கத்தில் ஓடிய மின்விசிறி எல்லாம் நினைவுக்கு வந்தன. அதைக் கேட்டது மட்டும் நினைவுக்கு வரவில்லை. மறந்துவிட்டேனா, அல்லது வகுப்பில் சொன்னதுதான் முறையானது, இது பட்டறைக்காரர்களின் குறுக்குவழி என்று உள்ளுக்குள் ஒதுக்கிவிட்டேனா? இன்றுவரை தெரியவில்லை. குறிப்பேடு நடந்ததைச் சொல்கிறது, அந்த நேரத்தில் என் தலைக்குள் என்ன ஓடியது என்பதை நான் குறித்துவைக்கவில்லை.

இங்கே ஓர் அறிவுரை வருகிறது, எடுத்துக்கொள். பெர்த்தில் உனக்கு எல்லாம் தெரிந்த வேலைதான். ஆனால் முதல் வாரத்தில், தெரிந்த வேலையை அவர்கள் எப்படிச் செய்கிறார்கள் என்று கேள். கேட்டதை எழுதிக்கொண்டால் போதும் என்று நினைக்காதே. நான் எழுதிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் முருகேசனைத் தேடிப் போனேன். ரேஸ் கோர்ஸ் சாலைப் பக்கம் புல்வெளியில் நாலைந்து நண்பர்களோடு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, ஒரு பிளாஸ்டிக் விரிப்பை உதறிப் போட்டு உட்காரச் சொன்னார். நண்பர்கள் கொஞ்சம் தள்ளிப் போனார்கள். தாளை எடுத்துக் கொடுத்தேன். விரித்துப் பார்த்தார்.

"இது உங்ககிட்டயாண்ணே இருந்துச்சு?"

ஆமாம் என்றேன்.

"குப்பைத் தொட்டியெல்லாம் கொட்டித் தேடினேன். தாள்ல இருந்த நம்பர்லேர்ந்துதான் பத்தைக் கழிச்சேன்னு முதலாளிகிட்ட சொன்னேன். எங்க தாளுன்னு கேட்டாரு. காணோம்னேன். நானே கிழிச்சுப் போட்டுட்டேன்னு நினைச்சிட்டாரு."

இது எனக்குத் தெரியாது, கதிர். அவரைத் தவறு செய்தவராக மட்டுமல்ல, பொய் சொன்னவராகவும் என் சட்டைப் பை ஆக்கியிருந்தது. மன்னிப்புக் கேட்டேன். முதலாளியிடம் தாளை உடனே கொடுத்துவிடுகிறேன் என்றேன். அவர் தலையை ஆட்டினார். கொடுத்தால் என்ன ஆகும் என்று அவரே விளக்கினார். தாளில் இருப்பது சரியான எண். சரியான எண்ணை எழுதியவர் நான், அதைக் கெடுத்தவர் அவர் என்றுதான் முடியும். கொடுக்காவிட்டால் அவர் பொய்யர், கொடுத்தால் அவர் மடையர். வேலை எப்படியும் போகும். தாளைத் திருப்பித் தந்துவிட்டு, பரவாயில்லைண்ணே என்றார். பிறகு குறிப்பேட்டைக் காட்டினேன். விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார். "நான் பேசினதை அப்படியே எழுதியிருக்கீங்க. கோடெல்லாம் போட்டு." சிரிப்பு நின்ற பிறகு கேட்டார்: "இவ்வளவு அழகா எழுதி வச்சிட்டு, ஏண்ணே செய்யல?"

முப்பத்திரண்டு வருடத்தில் அமைச்சர்களையும் அதிகாரிகளையும் இப்படிக் கேட்டிருக்கிறேன். தெரியவில்லை என்று யாராவது சொன்னால், மழுப்புகிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன். தெரியவில்லை என்றேன். அவர் நம்பினார் போலத்தான் இருந்தது. தானும் மெதுவாக இறக்கிப் பார்த்திருக்க வேண்டும் என்றார். நான் சரிபார்க்கிற ஆள், எழுதினால் தப்பாக இருக்காது என்று நினைத்துவிட்டாராம்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு முதலாளியின் அறைக்குப் போனேன். பேச்செல்லாம் ஆங்கிலத்தில், அவர் பாணியில் சுருக்கமாக. தாளை வைத்தேன். முருகேசன் சொன்னபடியே ஆயிற்று. எண் சரிதானே, பிறகு உனக்கு என்ன பிரச்சினை என்றார். இந்தப் பட்டறையின் வழக்கப்படி இது தவறான எண், கழிக்காமல் எழுதும்படி முருகேசன் எனக்குச் சொல்லியிருந்தார், நான் மீறினேன், தாளை எடுத்து வைத்துக்கொண்டதும் நான்தான் என்றேன். குறிப்பேட்டை விரித்தேன். அவருக்குத் தமிழ் தெரியாது. இதை எனக்கு யார் படித்துச் சொல்வது என்று கேட்டார். நானே படித்து மொழிபெயர்த்தேன். எனக்கு எதிரான சாட்சியை நானே மொழிபெயர்க்க, அவர் அந்த எழுத்துகளையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். நான் என்ன சொல்லியிருந்தாலும் அவரால் கண்டுபிடித்திருக்க முடியாது. கடைசியில் ஒன்றுதான் கேட்டார்: செவ்வாய்க்கிழமையே ஏன் சொல்லவில்லை? அங்கே டீ கேட்க வழியில்லை. போய் வேலையைப் பார் என்றார். முருகேசனைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

நேற்று, புதன்கிழமை சாயங்காலம், முடிவு தெரிந்தது. முருகேசனின் பெர்மிட்டைப் புதுப்பிக்கிறார்கள். புதிய கருவியை மெதுவாக இறக்கிப் பார்க்காததற்காக அவருக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம். நான் இனி கருவிகளைத் தொடக்கூடாது. மூன்று மாதம் முடியும்வரை, வெட்டி முடித்த துண்டுகளை அளந்து எழுதும் வேலை. அதன் பிறகு பார்க்கலாம் என்றார் முதலாளி. அந்தப் 'பார்க்கலாம்' எந்தப் பக்கம் சாய்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. நீ கவலைப்பட்டது அதற்குத்தான், நீ பட்ட கவலை சரி. நான் செய்ததும் சரி என்று நினைக்கிறேன். இரண்டும் எப்படிச் சரியாக இருக்கும் என்று கேட்காதே. மைனஸ் எண்களோடே இன்னும் முழுதாகப் பழகவில்லை.

செய்தி வந்ததும் முருகேசன் என்னிடம் வந்து கை கொடுப்பார், ஒரு கேலியாவது பேசுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் படிக்கட்டில் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். போன வாரம், வேலை போய்விட்டது என்றே நினைத்து, ஊருக்குச் சொல்லிவிட்டாராம். மனைவி அழுதாராம். ஆறு வயது மகளுக்கு மட்டும், அப்பா பொங்கலுக்கு வந்துவிடுவார், இனிமேல் இங்கேயேதான் இருப்பார் என்று சொல்லியிருக்கிறார்கள். அவள் அதை வகுப்பில் எல்லோரிடமும் சொல்லிவிட்டாளாம். தினமும் சாயங்காலம் போன் செய்து எத்தனை நாள் இருக்கிறது என்று எண்ணிக் காட்டுகிறாளாம்.

"செவ்வாய்க்கிழமையே நீங்க சொல்லியிருந்தா, நான் அவகிட்ட வர்றேன்னே சொல்லியிருக்க மாட்டேன்ணே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, கணக்குப் பார்ப்பதுபோலச் சொன்னார். பிறகு போனை என் பக்கம் நீட்டினார். "இன்னும் அரை மணி நேரத்துல கூப்பிடுவா. வரலைன்னு எப்படிச் சொல்றது? நீங்க எழுதுறவரு. ஒரு வார்த்தை சொல்லுங்க."

அரை மணி நேரம் அந்தப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு ஒரு வார்த்தையும் வரவில்லை. போன் அடித்தது. அவர் எடுத்துக்கொண்டு மாடிப் பக்கம் போனார். என்ன சொன்னார் என்று கேட்கவில்லை, இன்று காலையிலும் கேட்கத் தைரியம் வரவில்லை. அவர் அவளிடம் சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன், ஏனென்றால் இறங்கி வரும்போது விரலை மடக்கி நாட்களை எண்ணிக்கொண்டே வந்தார்.

நீ சின்னவனாக இருந்தபோது நானும் உன்னிடம் எத்தனையோ தரம் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் இருந்திருக்கிறேன். அப்போதெல்லாம் உன் அம்மாதான் உனக்குச் சொல்வாள். அவள் என்ன சொன்னாள், எப்படிச் சொன்னாள் என்று நான் கேட்டதே இல்லை. உனக்கு நினைவிருந்தால், கிளம்புவதற்கு முன்னால் எனக்குச் சொல். முருகேசனிடம் போய்ச் சொல்ல வேண்டும்.

உன் அப்பா